தனியாவா, பார்ட்னரோடயா, கம்பெனியா? கடன்காரன் எந்தக் கதவத் தட்டுவான்னு பாத்து முடிவு பண்ணுங்க

லோன் பேப்பர் கட்டுல கையெழுத்து போட வேண்டிய எடத்துல எல்லாம் பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டு வச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க. எனக்கு வந்த கட்டுல மொத்தம் 14 குறி. 13 எடத்துல கம்பெனி பேரு, அதுக்குக் கீழ டைரக்டர்னு போட்டு என் கையெழுத்து. கடைசி ஒண்ணுல மட்டும் கம்பெனி பேரே இல்ல, என் பேரு, அப்பா பேரு, வீட்டு அட்ரஸ். ஆபீசர் பக்கத்தப் புரட்டிக்கிட்டே "இதுவும் ஃபார்மாலிட்டிதான் சார், போடுங்க"ன்னாரு, நானும் போட்டேன். தொழில் கடன் வீட்டுக்கு வரக்கூடாதுன்னுதான் செலவு பண்ணி கம்பெனியே ஆரம்பிச்சேன், அந்த ஒரே கையெழுத்துல அத நானே கழட்டிக் குடுத்துட்டேன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு ஒறைச்சுது.

முதல்ல தனியா பண்ணேன், அப்புறம் ஃப்ரெண்டோட சேந்து பண்ணேன், அப்புறம் கம்பெனி. மூணுலயும் அடிபட்டாச்சு. புதுசா தொழில் ஆரம்பிக்கறவங்க எங்கிட்ட கேக்கற மொத கேள்வி எப்பவுமே "எதுல செலவு கம்மி, எதுல டேக்ஸ் கம்மி"தான். அதுவும் முக்கியம்தான், ஆனா அது ரெண்டாவது கேள்வி. தொழில் படுத்துருச்சுன்னா யாரு பாக்கெட்லேருந்து எடுப்பாங்க, அதான் மொத கேள்வி. நான் வக்கீல் இல்ல, ரூல் ஊருக்கு ஊரு மாறும், அதனால எங்க போனாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கற விஷயங்கள மட்டும் சொல்றேன்.

தனியா பண்றதுல சட்டத்துக்கு நீங்களும் தொழிலும் ஒரே ஆளு. கடைக்குன்னு தனி பேரு வச்சு போர்டு மாட்டிருக்கலாம், பில் புக்ல அந்தப் பேரு இருக்கலாம், ஆனா கேஸ் போட்டா உங்க மேலதான் போடுவாங்க, தொழில் கடனுக்கு உங்க சேவிங்ஸ், வண்டி, வீடு எல்லாமே பதில் சொல்லணும். நல்லது என்னன்னா ஆரம்பிக்கறது சுலபம், நிறுத்தறது அத விட சுலபம், வருமானம் உங்க சொந்தக் கணக்குலயே போயிரும், வருஷா வருஷம் கம்பெனிக்குன்னு தனியா ரிட்டர்ன், மீட்டிங் மினிட்ஸ்னு ஒண்ணும் கெடையாது. இது மோசமான ஆப்ஷன்னு சொல்றவங்க நெறைய பேரு இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன். மொழிபெயர்ப்பு பண்றீங்க, டிசைன் பண்றீங்க, டியூஷன் எடுக்கறீங்க, கடனுக்கு சரக்கு எடுக்கறதில்ல, வேலைக்கு ஆள் இல்லன்னா உங்களால வரக்கூடிய அதிகபட்ச நஷ்டமே ஓரளவுக்குத்தான் இருக்கும், அதுக்குப் போயி கம்பெனி ஆரம்பிச்சு ஆடிட்டருக்குப் படியளக்கறது வீண். அந்தக் காசுல தொழில் இன்சூரன்ஸ் ஒண்ணு எடுத்துக்கலாம். ஆனா உங்க வேலையால ஒருத்தருக்கு அடிபடலாம், இல்ல லட்சக்கணக்குல சரக்க கடனுக்கு எடுத்து சுத்தறீங்கன்னா தனியா இருக்கறது கயித்து மேல நடக்கற மாதிரிதான்.

பார்ட்னர்ஷிப்தான் மூணுலயும் பொல்லாதது, ஏன்னா அதுல இருக்கோம்னே தெரியாம முக்காவாசி பேரு இருக்காங்க. இங்கிலாந்துல 1890ல ஒரு பார்ட்னர்ஷிப் சட்டம் போட்டாங்க, அதுல பார்ட்னர்ஷிப்னா என்னன்னு சொல்லியிருக்கறது ரொம்ப சின்னது, லாபம் பாக்கற எண்ணத்தோட ஆளுங்க சேந்து ஒரு தொழில் நடத்தினா அதுதான். பேப்பர்ல எழுதியிருக்கணும்னு அதுல இல்ல, ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும்னும் இல்ல. அந்த சட்டத்தோட வாடை அடிக்கற நாடுகள் எக்கச்சக்கம். அதாவது நீங்களும் உங்க ஃப்ரெண்டும் "பாத்துக்கலாம்டா, வர்றதப் பாதி பாதி பிரிச்சுக்கலாம்"னு பேசிட்டு வேலைய ஆரம்பிச்சாச்சுன்னா, ரெண்டு பேரும் அன்னிக்கே பார்ட்னர், உங்களுக்கு அது தெரியுமா தெரியாதாங்கறத யாரும் கேக்கப்போறதில்ல.

என் கதை இதுதான். நானும் ஃப்ரெண்டும் பிரிண்டிங் பண்ணோம், பேப்பர்னு ஒண்ணும் எழுதல, நமக்குள்ள என்னடா பேப்பர்னு ஒரு பெருந்தன்மை. ஒருநாள் அவன் ஃபர்ம் பேருல ஒரு கட்டிங் மெஷின் லீசுக்கு எடுத்துட்டான். 36 மாச ஒப்பந்தம், எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, மெஷின் வந்து எறங்கினப்பதான் எனக்கே தெரியும், அப்பவும் "சர்ப்ரைஸ்டா"ன்னு சிரிச்சான். ஏழாவது மாசத்துல அவன் தொழில விட்டுட்டு வேலைக்குப் போயிட்டான். மீதி 29 மாச வாடகைய லீஸ் கொடுத்தவங்க எங்கிட்ட கேட்டாங்க. நான் கையெழுத்தே போடலையேன்னேன். "நீங்க பார்ட்னர் இல்லையா"ன்னு ஒரே கேள்வி. தொழில் சம்பந்தமா ஒரு பார்ட்னர் போடற கையெழுத்து மத்தவங்களயும் கட்டும், அதுவும் பாதிக் கடனுக்கு மட்டும் இல்ல, முழுக் கடனையும் யாருகிட்ட காசு இருக்கோ அவருகிட்டயே வசூல் பண்ணலாம், அப்புறம் நீங்க உங்க பார்ட்னர துரத்திப் பிடிச்சு அவன் பங்க வாங்கிக்கணும். வாங்கினேனான்னு கேக்காதீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, பார்ட்னர்னா ஒருத்தருக்கொருத்தர் நேர்மையா இருந்தே ஆகணும்னு சட்டம் கறாரா நிக்கும். நியூயார்க்குல சால்மன்னு ஒருத்தர் 1902ல ஒரு ஹோட்டல் கட்டடத்த 20 வருஷ லீசுக்கு எடுத்தாரு, கம்பளி வியாபாரி மைன்ஹார்ட் பணம் போட்டாரு, நடத்தறது சால்மன், லாபம் ரெண்டு பேருக்கும். லீஸ் முடியப்போற நேரத்துல எடத்துக்காரர் அதயும் பக்கத்து எடங்களையும் சேத்து ஒரு பெரிய புது லீஸ் பேச வந்தாரு, சால்மன் மைன்ஹார்ட்கிட்ட மூச்சு விடாம தன் கம்பெனி பேருல முடிச்சுக்கிட்டாரு. 1928ல தீர்ப்பு, மைன்ஹார்ட்டுக்கும் அதுல பங்கு உண்டுன்னு. நீதிபதிகள் 4க்கு 3ன்னு பிரிஞ்சாங்க, அவ்ளோ இழுபறி. பழைய லீஸ் முடிஞ்சா அப்புறம் வர்ற வாய்ப்பு யாருக்குன்னு முன்னாடியே ஒரு வரி எழுதியிருந்தா கேஸுக்கே வேலை இல்ல.

அதனால பார்ட்னர்ஷிப்பா போறதா இருந்தா, பேப்பர்ல எழுதி வச்ச பார்ட்னர்ஷிப்பா எழுதாத பார்ட்னர்ஷிப்பாங்கறதுதான் கேள்வி, என்னப் பொறுத்தவரை ரெண்டாவது ஒரு ஆப்ஷனே கெடையாது. யாரு எவ்ளோ போட்டாங்க, லாப நஷ்டம் எப்படின்னு எல்லாரும் எழுதிருவாங்க, அது ஈஸி. எழுதாம விடறது வேற மூணு விஷயம். எவ்ளோ தொகைக்கு மேல ரெண்டு கையெழுத்து வேணும். ஒருத்தர் வெளிய போனா அவரு பங்குக்கு என்ன வெலைன்னு எப்படிக் கணக்கு போடறது, எத்தன தவணைல குடுக்கறது. ரெண்டு பேரும் முட்டிக்கிட்டா யாரு சொல்றது கடைசி. அதுலயும் 50க்கு 50ன்னு வச்சுக்கிட்டு இந்த மூணாவத எழுதாம விட்டா, ஒரு நாள் ஒருத்தர் வேணும்பாரு ஒருத்தர் வேணாம்பாரு, தொழில் நடுரோட்டுல நிக்கும். மூணாவதா ஒரு ஆள் பேரப் போடுங்க, இல்ல ஒருத்தர் வெல சொல்லணும் இன்னொருத்தர் அந்த வெலைக்கு வாங்கறதா விக்கறதான்னு முடிவு பண்ணணும்னு ஒரு முறை இருக்கு, அத எழுதுங்க. அண்ணன் கேக்கு வெட்டி தம்பி மொதல்ல எடுக்கறதுன்னு வீட்டுல பண்றோமே, அதே டெக்னிக்தான், சொல்ற வெல தானா நியாயத்துக்கு வந்துரும். ஆனா ஒண்ணு, கைல காசு கம்மியா இருக்கற பார்ட்னருக்கு இது பாதகம், அவரால வாங்க முடியாதுன்னு தெரிஞ்சே இன்னொருத்தர் கொறச்சு சொல்லலாம், அதனால பணம் கட்ட டைம் குடுக்கணும்னு சேத்து எழுதிக்கணும்.

கம்பெனிக்கு வருவோம். சட்டத்துக்கு கம்பெனி உங்கள விட்டு வேற ஒரு ஆளு, அது கடன் அதோட கடன், நீங்க போட்ட பங்குப் பணத்தோட உங்க நஷ்டம் நிக்கும். இத ஒருத்தரே நடத்தற சின்னக் கம்பெனிக்கும் சேத்து ஊருக்கே புரியவச்சது ஒரு செருப்பு வியாபாரி. லண்டன்ல ஆரன் சாலமன்னு ஒருத்தர் பூட்ஸ் செஞ்சு வித்துட்டு இருந்தாரு, 1892ல தன் தொழில தானே ஆரம்பிச்ச ஒரு கம்பெனிக்கு வித்தாரு. அப்ப சட்டப்படி 7 பேரு வேணும், அதனால அவரு, பொண்டாட்டி, ஒரு பொண்ணு, நாலு பசங்க. மொத்தம் 20,007 பங்கு, அதுல 20,001 அவருக்கு, மத்த ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. வித்த வெலைல ஒரு பகுதிக்கு, அதாவது 10,000 பவுண்டுக்கு, கம்பெனி சொத்து மேலயே தன் பேருல கடன் பத்திரம் எழுதிக்கிட்டாரு. கொஞ்ச நாள்லயே கம்பெனி மூழ்கிருச்சு. மத்த கடன்காரங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல, கம்பெனியே ஒரு வேஷம், கடன சாலமன்தான் கட்டணும்னாங்க, கீழ் கோர்ட்டு ரெண்டும் ஆமான்னுச்சு. 1897ல பிரபுக்கள் சபை, அப்ப அங்க அதான் கடைசி கோர்ட்டு, அத மாத்திருச்சு, சட்டம் கேட்டபடி பதிவு பண்ணியாச்சுன்னா கம்பெனி வேற சாலமன் வேற, முடிஞ்சுது. இன்னிக்கு பாதி உலகத்துல கம்பெனிச் சட்டம் அந்தத் தீர்ப்பு மேலதான் உக்காந்திருக்கு. ஜெர்மனில சின்னக் கம்பெனிக்குன்னே 1892ல ஒரு வடிவம் வந்துச்சு, அமெரிக்காவுல எல்எல்சி, அதாவது ஓனரோட நஷ்டத்துக்கு எல்லை போட்ட ஒரு தொழில் வடிவம், மொதல்ல வந்தது 1977ல வயோமிங் மாநிலத்துல. பார்ட்னர்ஷிப் மாதிரி நடத்திக்கிட்டு கம்பெனி மாதிரி பாதுகாப்பு வேணும்கறவங்களுக்காக எல்எல்பியும் பல நாட்டுல இருக்கு, ரெண்டு மூணு பேரு சேந்து சர்வீஸ் தொழில் பண்ணறதுக்கு அது நல்லாவே பொருந்தும்.

இந்தக் கதையக் கேட்டுட்டுதான் நான் கம்பெனி ஆரம்பிச்சேன், பாதிதான் கேட்டிருக்கேன். கம்பெனிக்கும் நமக்கும் நடுவுல நிக்கற அந்த செவுத்துல ஓட்ட எங்க எல்லாம் விழும்னு யாரும் சொல்லல. மொத ஓட்ட நான் ஆரம்பத்துல சொன்ன அந்தக் கடைசிக் கையெழுத்து, அதாவது கம்பெனி கடனுக்கு நீங்களே ஜாமீன் நிக்கற பர்சனல் கேரண்டி. புதுக் கம்பெனிக்குன்னு சொத்து ஏது, அதனால பேங்க், கட்டட ஓனர், பெரிய சப்ளையர் எல்லாரும் டைரக்டர்கிட்ட ஜாமீன் கேப்பாங்க, குடுத்தா அந்தக் கடனப் பொறுத்த வரைக்கும் நீங்க பழையபடி தனி ஆளுதான். ரெண்டாவது, நீங்களே கவனமில்லாம ஒருத்தருக்கு சேதம் பண்ணிட்டீங்கன்னா பண்ண ஆளுன்னு உங்க மேலயும் கேஸ் வரும், கம்பெனி குறுக்க வந்து நிக்காது. மூணாவது, கம்பெனி அக்கவுண்ட்லேருந்து வீட்டு கரண்ட் பில் கட்டறது, கைச்செலவுக்கு எடுக்கறது, எந்தக் கணக்கும் எழுதாம விடறது, இப்படியே போனா ஒரு நாள் கோர்ட்டு "ரெண்டும் ஒண்ணுதானேப்பா"ன்னு சொல்ல நீங்களே சாட்சி சேத்து வைக்கறீங்க. அப்புறம், ஆளுங்க சம்பளத்துல பிடிச்ச வரிய கட்டாம விட்டா பல நாட்டுல நேரா டைரக்டரப் பிடிப்பாங்க, பிசினஸ் டல்லுன்னு மொதல்ல கை வைக்கறது அதுலதான், அதத் தொடவே கூடாது.

கேரண்டி இல்லாம லோனே கெடைக்காதுன்னு சொல்லுவீங்க, சரிதான், பல சமயம் கெடைக்காது. ஆனா கேட்டுப் பாக்கறதுக்கு விஷயம் இருக்கு. முழுத் தொகைக்கு இல்லாம ஒரு எல்லை வரைக்கும்னு எழுதச் சொல்லலாம். கடன் பாதி அடைஞ்சதும் ஜாமீன் ரத்துன்னு கேக்கலாம். "இனி வரப்போற எல்லாக் கடனுக்கும்"னு ஒரு வரி இருக்கும், அத அடிச்சுட்டு இந்த லோனுக்கு மட்டும்னு போடச் சொல்லலாம், நான் பாத்த வரைக்கும் அந்த ஒரு வரிதான் ஆளக் கவுக்கும், ஏன்னா மொத லோன் முடிஞ்சாலும் ஜாமீன் உயிரோட இருக்கும். ரெண்டு பேரு டைரக்டர்னா ரெண்டு பேரும் போடணும், ஒருத்தர் மட்டும் போட்டா அவரு மட்டும்தான் உண்மையில ரிஸ்க் எடுக்கறாரு, அதுக்கு ஏத்த பங்கு அவருக்குக் கெடைக்குதான்னு பாக்கணும். கையெழுத்து போடும்போது கம்பெனி பேரு, உங்க பதவி ரெண்டும் பக்கத்துல இருக்கான்னு ஒவ்வொரு எடத்துலயும் பாருங்க, வெறும் பேரு மட்டும் இருந்தா கையத் தூக்கிட்டு ஏன்னு கேளுங்க.

ஆக எது? ஒருத்தரே, கடன் இல்ல, ரிஸ்க் கம்மின்னா தனியா இருந்துட்டு இன்சூரன்ஸ் எடுங்க. ரெண்டு பேரு, சின்ன அளவு, இப்பதான் ட்ரை பண்றீங்கன்னா நாலு பக்கம் எழுதி கையெழுத்து போட்ட பார்ட்னர்ஷிப் போதும், எல்எல்பி வசதி இருந்தா அது இன்னும் பெட்டர். ஆளு வேலைக்கு வைக்கறீங்க, வெளில பணம் தெரட்டறீங்க, நாளைக்குத் தொழில விக்கற ஐடியா இருக்குன்னா கம்பெனி, அதுவும் வருஷாந்தர ஃபைலிங்க ஒழுங்கா பண்ற பொறுமை இருந்தா மட்டும். பொறுமை இல்லாதவங்க கம்பெனி ஆரம்பிச்சு அபராதம் கட்டறத நெறைய பாத்துட்டேன்.

இதோட ஒட்டிக்கிட்டு எடுக்க வேண்டிய ரெண்டு மூணு முடிவு இருக்கு. கம்பெனி பேர ரிஜிஸ்டர் பண்ணிட்டா அந்தப் பேரு நம்மளதுன்னு நெனைக்கறது பெரிய தப்பு, கம்பெனிப் பதிவு வேற டிரேட்மார்க் வேற, ஒரு ஆபீஸ்ல ஓகே ஆன பேருக்கு இன்னொருத்தர் டிரேட்மார்க் வச்சிருந்தா போர்டக் கழட்ட வேண்டியது நீங்கதான். சில நாட்டுல மொதல்ல யூஸ் பண்ணவருக்கு உரிமை, சில நாட்டுல மொதல்ல அப்ளை பண்ணவருக்கு, ரெண்டாவது வகைல "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டீங்கன்னா போச்சு. பொருள், சேவை எல்லாத்தையும் 45 வகுப்பா பிரிச்சு வச்சிருக்காங்க, எல்லாத்துலயும் போட வேண்டாம், இப்ப விக்கறது, அடுத்து விக்கப்போறது ரெண்டுல போட்டா போதும். பல நாட்டுல 10 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கிட்டே இருக்கலாம்.

அடுத்தது சம்பளத்துக்கு ஆள் வைக்கறதா, ஃப்ரீலான்சர்கிட்ட குடுக்கறதா. ஃப்ரீலான்சர்னு பேப்பர்ல எழுதிட்டா பி.எஃப், லீவு தொல்லை எல்லாம் இல்லன்னு பாதி பேரு நெனைக்கறாங்க. எத்தன மணிக்கு வரணும், எப்படி செய்யணும், வேற எடத்துல செய்யக்கூடாதுன்னு எல்லாத்தையும் நீங்களே சொன்னா, பேப்பர்ல என்ன எழுதினாலும் அவரு உங்க ஆளுதான்னு சட்டம் சொல்ற எடம் பல. 2021ல இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டு ஊபர் டிரைவர்கள் விஷயத்துல அதத்தான் சொன்னுச்சு, ஒப்பந்தத்துல என்ன பேரு வச்சீங்கன்னு பாக்காம நடைமுறை என்னன்னு பாத்து குறைஞ்சபட்சக் கூலி, சம்பளத்தோட லீவு உண்டுன்னாங்க. அந்தப் பக்கம், உண்மையிலயே ஃப்ரீலான்சர்னா வேற சிக்கல், அவரு வரைஞ்சு குடுத்த லோகோ, எழுதின சாஃப்ட்வேர் காப்பிரைட் நீங்க காசு குடுத்ததால மட்டும் உங்களுக்கு வந்துராது. அமெரிக்காவுல 1989ல ஒரு சிற்பி கேஸ், ஒரு அமைப்பு காசு குடுத்து ஐடியாவும் குடுத்து சிலை செய்யச் சொன்னுச்சு, அவரு அவங்க ஊழியர் இல்ல, அதனால சிலை தானா அவங்களோடதுன்னு ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. "முழு உரிமையும் எழுதித் தர்றேன்"னு ஒரே வரி, கடைசி பேமெண்ட்டுக்கு முன்னாடி வாங்கிருங்க, பின்னாடி கேட்டா வெலை ஏறும்.

தகராறு வந்தா கோர்ட்டா, தனியார் நடுவர் தீர்ப்பு சொல்ற ஆர்பிட்ரேஷனா, நடுவுல ஒருத்தர் பேசி சமரசம் பண்ற மீடியேஷனாங்கறதயும் ஒப்பந்தம் போடும்போதே தேர்ந்தெடுக்கறோம், ஆனா படிக்காம. வேற நாட்டு ஆளோட வியாபாரம்னா ஆர்பிட்ரேஷன் நல்லது, 1958ல போட்ட நியூயார்க் ஒப்பந்தத்தால ஒரு நாட்டு ஆர்பிட்ரேஷன் தீர்ப்ப 170க்கு மேல நாட்டுல அமல்படுத்த கேக்கலாம். உள்ளூர்ல சின்னத் தொகைக்கு அது தண்டம், நீதிபதிக்கு நீங்க ஃபீஸ் குடுக்க வேண்டாம், ஆர்பிட்ரேட்டருக்குக் குடுக்கணும். தொகை சின்னதுன்னா மொதல்ல மீடியேஷன், ஒத்து வரலன்னா சின்ன வழக்குக்குன்னு இருக்கற கோர்ட்டு, அப்படி எழுதிக்கறதுதான் எனக்குப் பிடிச்சது. தொடர்ந்து சரக்கு வாங்க வேண்டிய சப்ளையரோட கேஸ் ஜெயிச்சு என்ன பண்றது, அடுத்த வாரம் சரக்கு வேணுமே.

இதெல்லாத்துக்கும் வக்கீல் வேணுமா, நெட்ல டெம்ப்ளேட் எடுத்தா போதாதான்னு கேப்பீங்க. வழக்கமான கோட்டேஷன், சாதாரண சர்வீஸ் ஒப்பந்தத்துக்கு டெம்ப்ளேட் ஓகே, ஆனா அது உங்க நாட்டுச் சட்டத்துக்கு எழுதினதான்னு பாருங்க, வேற எங்கயோ இருக்கற மாநிலத்தோட கோர்ட்டுக்குத்தான் போகணும்னு எழுதின பேப்பர்ல ரெண்டு பேரும் பெருமையா கையெழுத்து போட்டிருந்தத நானே பாத்திருக்கேன். பார்ட்னர் ஒப்பந்தம், நீண்ட லீஸ், ஜாமீன் இந்த மூணுக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது வக்கீலுக்குக் காசு குடுங்க. முழுசா எழுதித் தரச் சொன்னா செலவு ஏறும், நீங்களே எழுதி எடுத்துட்டுப் போயி "இதுல நான் எங்க மாட்டுவேன்"னு மட்டும் கேளுங்க, பாதிக் காசுல முடியும்.

என் லோன் போன வருஷம் அடைஞ்சுது. கம்பெனிக்கு நோ டியூ லெட்டர் உடனே குடுத்துட்டாங்க, ஜாமீன விடுவிச்சதா எழுதிக் குடுங்கன்னா "அது தானா முடிஞ்சுரும் சார்"னாங்க. தானா முடியாது, அந்த "எல்லாக் கடனுக்கும்" வரி என் பேப்பர்ல இருந்துச்சே. மூணு லெட்டர் போட்டேன், ரெண்டு தடவ நேர்ல போனேன், நாலாவது மாசம் அரைப் பக்கத்துல ஒரு லெட்டர் வந்துச்சு, சீலோட. அந்த 14 கையெழுத்துப் பேப்பரோட அதயும் சேத்து பின் அடிச்சு வச்சிருக்கேன், பென்சில் குறி இன்னும் அழியாம அப்படியே இருக்கு.